சாமுவேல் எடுத்த மண்ணும் என் இரண்டு பைகளும்

பாலாற்று மண்ணில், வரக்கூடாத இடத்தில் குரோமியம் வந்த அன்று, வேலூரில் எங்கள் லேப்பில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். அந்த சாம்பிளை எடுத்தவன் சாமுவேல்.

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டு பேரும் தினக்கூலி. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஆற்றில் இறங்கி வண்டல் அள்ளி வருவோம். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று காலி. லேப்பை நடத்துகிற மேடம் கைகாட்டுகிற ஆளுக்குத்தான். அவன் பத்தாவது பாஸ், நான் எட்டாவது ஃபெயில். அவனை "வாப்பா" என்பார், என்னை "வாடா" என்பார். எனக்கு வயிறு எரியும்.

தோல் பதனிடும் ஷெட்களின் குரோமியத் தண்ணீர் ஆற்றில் கலக்கிற இடத்துக்கு மேலே, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான மண் எடுப்போம். பேக்ரவுண்ட் சாம்பிள் என்போம். அதிலேயே குரோமியம் என்றால், எடுத்தவன் சொதப்பிவிட்டான் என்று அர்த்தம்.

"டிபன் பாக்ஸ் ஸ்பூன்ல அள்ளிக்கினு வந்துருக்கான் மேடம். எவர்சில்வர்ல குரோமியம் இல்லாம இருக்குமா? சாம்பார் வாசனைகூட வந்திருக்கும் பாருங்க," என்றேன்.

சாமுவேல் முகம் செத்துப்போனது. "சத்தியமா பிளாஸ்டிக் கரண்டிதான் மேடம்."

"நீயே போய் எடுத்துட்டு வாடா," என்றார் மேடம் என்னிடம்.

மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றினேன். கரண்டியை டிஸ்டில்ட் வாட்டரில் கழுவிக் கழுவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆற்றில் இறங்கினேன். அதே இடத்தில் ஒரு பை எடுத்து நிமிர்ந்தால், கரையில் முள்செடிக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு குவியல். குரோமில் பதப்படுத்திய தோலைச் சீவிய தூள். எவனோ லாரியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். மழைத் தண்ணீர் அதை ஆற்றுக்குள் இழுத்த தடம் தெரிந்தது. சாமுவேல் கண்ணில் இது படவே இல்லை! குவியலைத் தாண்டி மேலே போய் இன்னொரு பை எடுத்தேன்.

முதல் பையில் குரோமியம் ஜாஸ்தி. இரண்டாவதில் ரொம்பக் கம்மி. இரண்டாவதை மட்டும் கொடுத்திருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். ஆனால் குவியலைக் கண்டுபிடித்த பெருமையை யாரிடம் சொல்லிக்கொள்வது? இரண்டையும் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"சபாஷ்டா," என்றார் மேடம். "அப்போ சாமுவேல் எடுத்தது கரெக்ட். பாவம், அவனப் போய் சந்தேகப்பட்டுட்டேனே."

அந்த வாரமே அவனுக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டர் கிடைத்தது. "உன்னாலதான்டா தோஸ்த்," என்று பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான்.

"வாய மூடிக்கினு இன்னொரு பாக்கெட் குடுடா."

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: பிடிக்காதவன் எடுத்த மண்ணைச் சரிபார்க்க மட்டும் போகாதீர்கள். பொறாமையில் எடுக்கிற சாம்பிள் அளவுக்குச் சுத்தமான சாம்பிள் உலகத்தில் கிடையாது.