யோலா முன் சீட்டில் உட்கார்ந்தால் நிற்கும் வண்டி

பசிலியா லிமாச்சியிடம் வண்டியைக் கொண்டுவருகிறவன் முதலில் விசாரணையைத் தாண்டியாக வேண்டும். எடுத்த எடுப்பில் வண்டியைத் தொடமாட்டாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிரைவரை எதிரில் நிற்கவைத்து ஆரம்பிப்பாள்.

"யார் யாரு வயரிங்ல கை வெச்சது?"

"யாரும் வெக்கல மேஸ்திரியம்மா. சத்தியமா."

"பாட்டுப்பெட்டி யாரு மாட்டினது?"

"அது... என் மச்சான்."

"அந்த நீல விளக்கு?"

"அது நானே மாட்டினேன்."

"அப்போ உன் சத்தியத்தை எடுத்துப் பையில வெச்சுக்க. ஹாரன் எங்கேருந்து வந்துச்சு?"

லா பாஸ் நகருக்கு மேலே மலை மேட்டில் இருக்கும் எல் ஆல்ட்டோவின் டிரைவர்கள் பாதிரியாரிடம் சொல்லாத பாவங்களையெல்லாம் பசிலியாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பி பொய் சொல்லாது, கம்பியைத் தொட்டவன்தான் சொல்வான் என்பது அவள் கட்சி. ஆள் சொல்லும் பொய் எங்கே இருக்கிறதோ, லூஸ் கான்டாக்டும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். இருபது வருடமாக இந்தக் கணக்கு தப்பியதில்லை.

கடை என்று சொல்லிக்கொள்ள அவளிடம் பெரிதாக ஒன்றுமில்லை. டயர் கடைச் சுவரை ஒட்டி நாலு தகரம், ஒரு பேட்டரி, பூட்டுப் போட்ட ஒரு மர அலமாரி, அவ்வளவுதான். குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. கொசுவம் வைத்த அகலப் பாவாடைக்கு மேல் காக்கி அங்கி மாட்டியிருப்பாள். இரட்டைச் சடை இரண்டையும் அங்கிக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டபிறகுதான் எஞ்சின் பக்கமே போவாள். மகள் வாங்கித் தந்த, கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று அலமாரியில் இருக்கிறது. எடுப்பாள், பார்ப்பாள், மரியாதையாகத் திரும்ப வைத்துவிடுவாள். அவள் வேலை செய்வது பழைய இன்டிகேட்டர் பல்புகளை வைத்து. பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒன்றைச் சந்தேகப்படும் கம்பியில் செருகி, மற்றதை வண்டியின் உடம்பில் எர்த் கொடுத்துவிடுவாள். கரண்ட் வந்தால் எரியும், வராவிட்டால் அணையும். இதில் ஏமாற்ற என்ன இருக்கிறது என்பாள்.

எந்தப் பள்ளியிலும் கற்ற வித்தை இல்லை இது. வெள்ளீயச் சுரங்கத்தை மூடி ஆட்களை விரட்டியபோது, பதினைந்து வயதில் பெற்றோரோடு இந்த மேட்டு ஊருக்கு வந்து சேர்ந்தவள். கிடைத்த வேலை, காயலான் கடையில் உடைந்த வண்டிகளிலிருந்து செம்புக் கம்பியை உருவி எடுப்பது. ஏழு வருடம் உருவினாள். எந்த வண்டியில் எந்தக் கம்பி எந்தத் தகட்டுக்குப் பின்னால் நுழைந்து எங்கே தலை காட்டும் என்பது அவள் விரல்களுக்கு மனப்பாடம். ஓடுகிற வண்டியைப் பழுது பார்க்கிறவர்கள் அந்தத் தெருவில் ஒன்பது பேர் உண்டு. செத்த வண்டிகளை நூற்றுக்கணக்கில் அறுத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மற்ற எட்டுப் பேரும் கைவிட்ட வண்டி கடைசியில் அவளிடம்தான் வரும். வருவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

வில்மர் போமாவின் மினிபஸ்ஸும் அப்படித்தான் வந்தது. வில்மர் இருபத்தாறு வயதுப் பையன், நல்ல பையன், அம்மா சொல்லைத் தட்டாதவன். அம்மா செனோபியாவும், ஊர் மரியாதைக்குத் தோன்யா செனோபியா, கூடவே வந்திருந்தாள். கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு, வண்டியைவிட்டு ஒரு அடி நகராமல் நின்றாள்.

"எறக்கத்துல நிக்குது மேஸ்திரியம்மா. மேல நல்லா ஓடும். லா பாஸுக்கு எறங்கற ரோட்டுல பட்டுனு எஞ்சின் ஆஃப் ஆயிடும். மாசத்துல நாலு தடவ. போன வாரம் ஒரு முட்டை வண்டி மேல போய் ஏறப் பாத்தேன்."

"அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆவுது?"

வில்மர் தரையைப் பார்த்தான். பதிலை அம்மா சொன்னாள். "அவ எறங்கினா ஸ்டார்ட் ஆவும்."

"எவ?"

"எம் மருமவ, யோலா. அவ முன்சீட்டுல உக்காந்தா வண்டி நிக்கும். எறங்கினா ஓடும். கென்ச்சா, வேறென்ன? ராசி கெட்டவ. வெள்ளிக்கிழமை தவறாம டயருக்குப் பீர் ஊத்தறேன், தூபம் போடறேன். வீட்டுக்குள்ளயே சனியன வெச்சுக்கிட்டு வெளியில பூசை பண்ணி என்ன பிரயோசனம்? வர்ற ஞாயித்துக்கிழமை அவ அப்பன வரச் சொல்லியிருக்கு. கூட்டிக்கிட்டுப் போயிடட்டும்."

வில்மர் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பசிலியாவுக்கு அந்தப் பார்வை பழகிய பார்வை. பதினோரு வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வாசலில் யாரையும் காணோமே என்று சுரங்கத்துக்குள் முப்பது தப்படி நடந்துவிட்டாள். பெண் கால் வைத்தால் கனிமம் ஓடி ஒளிந்துகொள்ளும் என்பது அங்கே சட்டம். ஒன்பதாம் நாள் தாது தீர்ந்துபோனது. தண்ணீர்க் குழாயில் அவள் அம்மாவோடு பேச ஆளில்லாமல் போயிற்று. தாது ஒரு மாதமாகவே மெலிந்து வருகிறது என்று அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பின்னாளில் பசிலியா அப்பாவுக்கு எல்லாம் செய்தாள், கடைசியில் அவர் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியும் போனாள். அந்த மௌனத்தை மட்டும் மன்னிக்கவில்லை.

ஆகவே எழுந்து, "அந்தப் பொண்ண இதுல இழுக்காதீங்க. இது கம்பி வேல. கம்பியோட பேசிக்கறேன்," என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் செய்த தப்பும் அதுதான், பின்னால் தெரியவரும்.

அந்த ஊர் மினிபஸ்களில் பாதி ஜப்பானில் வலது பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்தவை. கடல் தாண்டி வந்து இறங்கிய துறைமுகத்திலேயே யாரோ அவசரக்காரன் ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் பிடுங்கி இடது பக்கம் வைத்துவிடுவான். கம்பி எட்டாத இடத்திலெல்லாம் வெட்டி, துண்டு முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுவான். வில்மரின் டாஷ்போர்டைக் கழற்றியதும் அப்படிப் பதினோரு முடிச்சு கிடைத்தது. பதினொன்றையும் பிரித்து, ஈயம் வைத்து, புதிதாகச் செய்தாள். சாவியிலிருந்து கிளம்பும் கம்பியில் ஒரு பல்பு, எஞ்சினுக்கு டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் போய்ச் சேரும் இடத்தில் ஒரு பல்பு மாட்டினாள். முன்சீட்டைக் காலியாக விட்டு, வில்மரை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து மூன்று முறை இறங்கி ஏறினாள். இரண்டு பல்பும் சாமி விளக்கு மாதிரி அசையாமல் எரிந்தன. சரியாகிவிட்டது என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை யோலா முன்சீட்டில் ஏறினாள். பாதி இறக்கத்தில் வண்டி நின்றது.

தோன்யா செனோபியா வண்டியைவிட வேகமாக வந்து சேர்ந்தாள். "பாத்தியா? கம்பியெல்லாம் மாத்தியாச்சு. இனி மாத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்."

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். பசிலியா முக்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கடையில் வாங்கிய ஊதாச் சோளக் கஞ்சி கையிலேயே ஆறிப்போனது. அவளுக்குக் கோபம். செனோபியா மேல் கோபம், தரையைப் பார்க்கும் வில்மர் மேல் கோபம். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கோபம் திரும்பித் தன் மேலேயே வந்து நின்றது. வருகிற டிரைவரையெல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள், இந்த வண்டியில் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. யோலாவைப் பற்றிக் கேட்டால் கென்ச்சாவை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வீம்புக்கு விட்டுவிட்டாள். வண்டி நிற்கும்போதெல்லாம் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்றால் அது ராசியா? அது துப்பு அல்லவா? பாட்டுப்பெட்டி போட்டால் ஃபியூஸ் போகிறது என்று ஒருவன் சொன்னால் பாட்டுப்பெட்டியைப் பார்க்கிறோமா இல்லையா?

"வில்மர், யோலாவக் கூட்டிக்கிட்டு வா," என்றாள்.

யோலா வந்தாள். இருபத்திரண்டு வயது, பசிலியாவைவிடக் குள்ளம், அழுது அழுது இமை தடித்திருந்தது. முன்சீட்டில் ஏற மறுத்தாள். "வேணாம் மேஸ்திரியம்மா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ஒருவேள நான் அப்படித்தானோ என்னவோ."

பசிலியா முன்சீட்டைத் தட்டிக் காட்டினாள். "ஏறு தாயி. வண்டிக்கு என்ன நோவுன்னு ஒனக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியல."

பெரிய சாலைக்குப் போகவில்லை. ஊரின் விளிம்பிலிருந்து இறங்கி ஒரு மைதானத்தில் முடியும் கல் பாவிய தெரு ஒன்று உண்டு, போக்குவரத்து கிடையாது. அங்கே போனார்கள். பசிலியா இரண்டு சீட்டுக்கும் நடுவில் மண்டிபோட்டு, ஒரு கை பல்புகள் மேல், ஒரு கை ஹேண்ட்பிரேக் மேல் வைத்துக்கொண்டாள். "எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டு," என்றாள் வில்மரிடம். ஓட்டினான். வண்டி பிரேக்கே இல்லாததுபோல் பாய்ந்தது. நல்ல பையன்தான், ஆனால் இறக்கத்தைக் கண்டால் அவனுக்கு என்னமோ ஆகிவிடும். முதல் வளைவில் வால்வுப் பல்பு அணைந்தது, எஞ்சின் செத்தது. சாவிப் பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பசிலியா ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பல்பைப் பார்க்காமல் யோலாவைப் பார்த்தாள்.

யோலா கண்ணை இறுக மூடி, சீட்டின் நுனிக்கு வந்து, வலது காலை முழு பலத்தோடு தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"யோலா, கால எடு."

எடுத்தாள். பல்பு எரிந்தது.

"திரும்ப அழுத்து."

அணைந்தது. எடுத்தால் எரிந்தது. நாலு முறை அப்படிச் செய்யச் சொன்னாள் பசிலியா. நாலாவது முறை அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அங்க என்னம்மா பண்ற நீ?"

யோலா பயந்துகொண்டே சொன்னாள். "பிரேக் புடிக்கறேன். இவரு புடிக்க மாட்டாரு. யாராச்சும் ஒருத்தர் புடிக்கணுமில்ல?"

அவள் பிடித்த இடத்தில் ஒரு காலத்தில் நிஜமாகவே பிரேக் இருந்தது. பெடலைப் பிடுங்கிய ஓட்டையை மெல்லிய தகரத்தால் மூடி, மேலே வில்மர் ஆசையாகச் சிவப்பு ரெக்சின் ஒட்டியிருந்தான். அந்தத் தகரத்துக்கு அடியில், பசிலியா பிரிக்காத பன்னிரண்டாவது முடிச்சு; மிதித்தால் தகரம் அமுங்கி அதில் கம்பி விட்டுப்போகும். மற்றவர்கள் முன்சீட்டில் தூங்குவார்கள், போன் பார்ப்பார்கள். வில்மரின் ஓட்டத்தை முழுதாக அறிந்தவள் மனைவி ஒருத்திதான். அவள் அழுத்தினால் எஞ்சின் நிற்கும், நின்றால் பயந்து இன்னும் அழுத்துவாள், இறங்கினால்தான் கால் விலகும். வேறு யாரோ உட்கார்ந்திருந்தபோதும் இரண்டு முறை நின்றதாம். வில்மர் இப்போதுதான் நினைவுபடுத்திச் சொன்னான். அதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

"கழட்டிச் சரி பண்ணிடுங்க மேஸ்திரியம்மா," என்றான் வில்மர், முகம் மலர்ந்து.

"பண்ணிட்டு? நான் கதை கட்டி உன் பொண்டாட்டியக் காப்பாத்தினேன்னு உங்கம்மா சொல்லவா? வண்டியத் திருப்பு."

தோன்யா செனோபியாவை முன்சீட்டில் ஏற்றுவது சிரமமாக இல்லை. "எனக்கென்ன பயம்? முப்பது வருசமா கறி யாவாரம். என் ராசிய ஊரே அறியும்," என்று பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். யோலா பின் சீட்டில். பசிலியா மறுபடி நடுவில் மண்டி. கால் விஷயத்தை யாரும் செனோபியாவிடம் சொல்லவில்லை. வில்மர் மட்டும் ஒருமுறை பசிலியாவைப் பார்த்தான். எப்பவும் போல ஓட்டு என்று அவள் கையால் காட்டினாள்.

முதல் வளைவு வரைக்கும் செனோபியா ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய் இல்லாவிட்டாலும் அதேதான் நடந்திருக்கும். "டேய், டேய், டேய்!" என்று கத்திக்கொண்டே வலது காலை ஊன்றினாள். பல்பு அணைந்தது. எஞ்சின் நின்றது. பசிலியா ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. செனோபியா இன்னும் அழுத்திக்கொண்டேயிருந்தாள்.

பின் சீட்டிலிருந்து யோலா எட்டிக் குனிந்தாள். சத்தமில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அத்தே, கால எடுங்க."

செனோபியா குனிந்து தன் காலைப் பார்த்தாள். எடுத்தாள். பல்பு எரிந்தது. வில்மர் சாவியைத் திருப்பினான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கிழவி மறுபடி காலை வைத்து அழுத்தினாள், நின்றது. அவளும் நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டாள்.

அப்புறம் செனோபியா கையை ஓங்கி மகன் முதுகில் ஒன்று வைத்தாள். "இப்படியாடா ஓட்டுவ? ரெண்டு வருசமா இந்தப் பொண்ணு இங்க உக்காந்து உயிரக் கையில புடிச்சுக்கிட்டு வந்திருக்கா. ஒரு வார்த்த சொன்னியாடா நீ?" கதவைத் திறந்து தானே இறங்கினாள். தெருவில் காற்று பாவாடையைப் பிடுங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முன் கதவைச் சாத்தவிடாமல் பிடித்தபடி நின்றாள். மருமகளின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஏறு யோலா," என்றாள். "இது உன் எடம்."