மாஸ்டருக்கு ஒரு சாண் மெத்தை

கிளிநொச்சியிலை வளர்ப்பு மீன்கடை வைச்சிருக்கிற ஆளுக்குப் பொறுமை இல்லையெண்டால், பேசாமல் கறிமீன் விக்கப் போறது நல்லம். "விளைமீன் வந்திட்டுதோ?" எண்டு கேட்டுக்கொண்டு உள்ளுக்கை வாற ஆக்கள் இண்டைக்கும் இருக்கினம். தொட்டியிலை ஓடின தங்கமீனைக் காட்டி, "உது பொரியலுக்கோ குழம்புக்கோ?" எண்டு கேட்ட ஒருத்தருக்கு நான் குடுத்த மறுமொழியை இஞ்சை எழுதேலாது. கடை வைச்சு வாய் நொந்த ஆக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன். உங்களுக்கு விளங்கும்.

மாஸ்டர் வந்தார்

வெளிநாடு போற குடும்பமொண்டு ஒருநாள் ஒரு கம்பிக்கூட்டைக் கொண்டுவந்து என்ரை மேசையிலை வைச்சுது. உள்ளுக்கை ஒரு ஹம்ஸ்டர், வீட்டிலை வளர்க்கிற எலிச்சாதி. உள்ளங்கை அளவு, மண்ணிறம், வால் இருக்குது எண்டு சொல்லேலாது, கன்னம் ரெண்டும் எந்த நேரமும் உப்பிக்கொண்டு. "நல்ல ஆக்களாப் பாத்துச் சும்மா குடுங்கோ அக்கா" எண்டு சொல்லிப்போட்டு அவை கண்ணைத் துடைச்சுக்கொண்டு போட்டினம். என்னோடை கடையிலை நிக்கிற செல்வியக்காவுக்கு அந்தப் பேர் வாயுக்கை நிக்கேல்லை. ரெண்டுதரம் சொல்லிப் பாத்தா. மூண்டாம்தரம் "மாஸ்டர்" ஆக்கிப்போட்டா. நானும் திருத்தித் திருத்திக் களைச்சு விட்டிட்டன்.

எங்களிட்டை மீன்சாப்பாடு வாங்க வாற ஒருத்தர் இருக்கிறார், இளைப்பாறின கணக்கு வாத்தியார். ஊரே அவரை மாஸ்டர் எண்டுதான் கூப்பிடும். அண்டைக்கு அவர் வாசலிலை கால் வைக்கவும், பின்பக்கத்திலை நிண்டு செல்வியக்கா கத்தவும் சரியா இருந்துது: "தங்கச்சி, மாஸ்டர் மூத்திரம் பெய்து எல்லாத்தையும் நனைச்சுப்போட்டார்!" பாவம் மனுசன். குடையை மடக்கிறதை விட்டிட்டு, குனிஞ்சு தன்ரை வேட்டியை ஒருக்கால் பாத்தார். பேந்து என்னைப் பாத்துச் சொன்னார்: "பிள்ளை, நான் இப்பதானே வந்தனான்."

ஒரு கிழமை தவணை

இரணைமடுப் பக்கம் வயல் செய்யிற தவமண்ணை மகள் டிலக்சியோடை வந்தவர், வீட்டுத் தொட்டிக்கு ரெண்டு மீன் வாங்க. பத்து வயசுப் பிள்ளை. மீன் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. கம்பிக்கூட்டுக்கு முன்னாலை குந்தினவள் குந்தினவள்தான். "அப்பா, இதைத் தருவினமாம் அப்பா, சும்மா தருவினமாம்" எண்டு அவற்றை சேட்டைப் பிடிச்சு இழுத்தாள். அவர் கூட்டை எட்டிப் பாத்திட்டு, பாம்பைக் கண்டது போலை பின்னுக்கு வந்தார். அவரிலை பிழை சொல்லேலாது. எலிக்காய்ச்சலுக்குப் பயந்து வரம்பிலை கால் வைக்கிற மனுசன். வீட்டு அறைக்கை கால போகத்துக்கு விதைநெல்லு அடுக்கிக் கிடக்குது.

பிள்ளையின்ரை கண்ணிலை தண்ணி முட்டினாப் பிறகுதான் இறங்கி வந்தார். ஒரு கிழமை பாப்பாராம். மணக்கக் கூடாது, கூட்டைக் கொறிச்சுச் சத்தம் போடக் கூடாது, வெளியிலை வரக் கூடாது. மூண்டிலை ஒண்டு நடந்தாலும் அண்டைக்கே திருப்பிக் கொண்டுவந்திடுவாராம். டிலக்சி மூண்டுக்கும் சேத்து ஒரேயடியாத் தலையாட்டினாள். "முதல் மூண்டு நாளும் தூக்கிக் கொஞ்சக் கூடாது. சந்தடி இல்லாத மூலையிலை வையுங்கோ. அடியிலை நல்ல மொத்தமா, மெத்தை மாதிரிப் போடுங்கோ. அது தோண்டிப் புகுந்து படுக்கிறது" எண்டு நான் சொல்லிக்கொண்டிருக்க, தவமண்ணை கூட்டைத் தூக்கிக்கொண்டு செல்வியக்காவிட்டை முறைப்பாடு வைச்சார்: "காலமை வயலிலை எலிக்கு மருந்து வைச்சுப்போட்டு வாறன், பின்னேரம் வீட்டிலை எலிக்கு மெத்தை போடட்டாம்!"

மெத்தை எண்டால் மெத்தைதான்

அடுத்தநாள் மத்தியானம் ஃபோன். டிலக்சி அழுறாள். "அன்ரி, காலைத் தூக்கேலாமல் கிடக்குது." நான் நகம் வெட்டுற கத்தரியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியிலை பறந்தன். போய்ப் பாத்தால் கூடு நிறைய இலவம் பஞ்சு! நூல் நூலாப் பின்னங்காலைச் சுத்தி இறுக்கி, கால் சிவந்துபோய்க் கிடக்குது. கொஞ்சப் பஞ்சைக் கன்னத்துக்கையும் அடைஞ்சு வைச்சிருக்குது. பிள்ளை அதைக் கையுக்கை பொத்திப் பிடிச்சிருக்க, ஒவ்வொரு நூலா நான் வெட்டினன். எனக்கு வேர்த்து ஒழுகுது. கடைசி நூல் விட்டதும் அது காலை உதறிப்போட்டு என்ரை விரலிலை ஒரு கடி. நன்றி கெட்டது. ஆனால் கால் அசையுது எண்டு கண்ட சந்தோசத்திலை கடி நோகேல்லை.

"ஆர் உந்தப் பஞ்சைப் போட்டது?" எண்டு கத்திப்போட்டன். டிலக்சியின்ரை அம்மா குசினிக்கை இருந்து வந்தா. கையிலை கிழிஞ்ச தலையணை உறை. அவாவின்ரை முகத்தைப் பாத்த உடனை எனக்குக் கோவம் போயிட்டுது. எதாலை போடவேணும் எண்டு நான் சொல்லவே இல்லை எண்டது அப்பதான் எனக்கு உறைச்சுது. அவா மெல்லக் கேட்டா: "நீங்கள்தானே தங்கச்சி மெத்தை மாதிரி எண்டு சொல்லி விட்டனீங்கள்? இருந்ததிலை நல்ல தலையணையாப் பாத்தெல்லோ கிழிச்சனான்."

உமி வந்தது

பஞ்சை எடுத்தாப் பிறகு, கைவசம் இருந்த வாசமில்லாத, கை துடைக்கிற ரிசுப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டிட்டு வந்தனான். அது ஒரு விரல்கடை உயரத்துக்குத்தான் வந்தது. மிச்சத்துக்கு நாளைக்கு ஒழுங்கு பண்ணுறன் எண்டு சொன்னன். ஆனால் தவமண்ணை பொறுக்கேல்லை. மில்லிலை இருந்து ஒரு சாக்கு உமி கொண்டுவந்து கொட்டிப்போட்டார். வன்னியிலை உமிக்கோ பஞ்சம்?

நாலாம்நாள் தகப்பனும் மகளும் கூட்டோடை கடை வாசலிலை நிக்கினம். ஹம்ஸ்டர் தும்முது. கடுகு அளவு மூக்காலை, நிப்பாட்டாமல். உமித்தூசு. சொணையும் குத்தியிருக்கும். படுக்க இடமில்லாத கோவத்திலை ரெண்டு நாளாக் கம்பியைக் கொறிச்சிருக்குது. "சத்தம் போடக் கூடாது எண்டனான், போட்டிட்டுது. இந்தாங்கோ" எண்டு கூட்டை மேசையிலை வைச்சார். டிலக்சி அழேல்லை. கம்பிக்குள்ளாலை ஒரு விரலை விட்டுக்கொண்டு நிண்டாள். அவள் கத்தி அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "அண்ணை, பிழை என்னிலை. தவணையிலை இன்னும் மூண்டு நாள் கிடக்குது. பின்னேரம் வாங்கோ, நான் சரிப்படுத்தித் தாறன்" எண்டு கையெடுத்துக் கும்பிடாத குறையாக் கேட்டன். அவர் தலையைச் சொறிஞ்சார். தும்முறதைப் பாத்து அவருக்கும் மனம் ஒருமாதிரித்தான். ஆனாலும் விட்டுக்குடுக்கேல்லை: "நெல்லுச் சாக்கு முழுக்க ஓட்டை போடுறது எலி. அந்த எலிக்கு உமி ஒத்துக்கொள்ளாதாம். இது எந்த ஊர் எலி தங்கச்சி?"

கொப்பி கிழிச்ச கதை

கம்பிக்கூட்டின்ரை அடித்தட்டு ஆழமில்லை. எவ்வளவு போட்டாலும் வெளியிலை கொட்டும். கடைக்குப் பின்னாலை ஒழுகுற மீன்தொட்டி ஒண்டு கிடந்தது. மீனுக்கு உதவாது, இதுக்கு உதவும். கழுவிக் காயவைச்சு, மேலுக்குக் காத்துப் போக வலை அடிச்ச மூடி போட்டன். இனி ஒரு சாண் உயரத்துக்குப் பேப்பர் வேணும். மை அடிச்சது கூடாது, வழுவழுத்ததும் கூடாது, சும்மா வெள்ளைப் பேப்பர்.

கணக்கு மாஸ்டர்தான் கைகுடுத்தார். சைக்கிள் கரியரிலை ஒரு கட்டுப் பழைய கொப்பி கொண்டுவந்தார். பிள்ளையள் எழுதாமல் விட்ட பக்கங்களை மட்டும் பிரிச்செடுத்து, செல்வியக்காவோடை சேந்து நாங்கள் மூண்டு பேரும் இருந்து விரல் அகலத்துக்குக் கிழிச்சம். ஒரு கொப்பியிலை முதல் பக்கத்துக்குப் பிறகு ஒண்டுமே எழுதேல்லை. "இவன் இப்ப பெரிய ஒப்பீசர்" எண்டார். கிழிக்கக் கிழிக்க மனுசனுக்கு முகம் மலருது. ஹம்ஸ்டரை இறக்கி விட்டதும், அது ஒருதரம் மணந்து பாத்திட்டு, தலைகீழாத் தோண்டிக்கொண்டு போய் மறைஞ்சிட்டுது. பேப்பர் மட்டும் அசையுது. மாஸ்டர் அதைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசமா உந்தக் கொப்பியளைக் கிழிக்கவேணும் எண்டு எனக்குக் கை துடிச்சது பிள்ளை. இண்டைக்குத்தான் வாய்ச்சுது."

எட்டாம்நாள்

நாலாம்நாள் பின்னேரமே தவமண்ணை தொட்டியையும், எதுக்கும் இருக்கட்டும் எண்டு கம்பிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு போனார். ஏழாம்நாள் ஆரும் வரேல்லை. ஃபோனும் இல்லை. "எடுத்துக் கேளுமன்" எண்டு செல்வியக்கா நச்சரிச்சா. எனக்குப் பயம். பிள்ளை அழுதுகொண்டு எடுத்தால் நான் என்ன சொல்லுறது?

எட்டாம்நாள் காலமை தவமண்ணை தனியா வந்தார். கையிலை அந்தக் கம்பிக்கூடு, வெறுமையா. "அண்ணை, செத்துப்போச்சோ?" எண்டு கேட்டிட்டன். "சீ, வாயைக் கழுவும்!" எண்டு பாய்ஞ்சார். கூடு இனித் தேவையில்லையாம், அதைத்தான் கொண்டுவந்தவராம். நேற்று முழுக்க ஒரு சத்தமும் இல்லையெண்டு அவரும் பயந்துதான் போனவராம். பிள்ளையோடை சேந்து பேப்பரை விலக்கிப் பாக்க, அடியிலை உருண்டையா ஒரு கூடு கட்டி, அதுக்கை சுருண்டு மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்ததாம். டிலக்சி சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாளாம். சொல்லேக்கை அவற்றை குரலும் தணிஞ்சு போச்சு.

"அப்ப, தவணை முடிஞ்சுதே?" எண்டு செல்வியக்கா குத்திக் கேட்டா. அவர் எங்கேயோ பாத்துக்கொண்டு, இன்னும் வெள்ளைப் பேப்பர் இருக்கோ எண்டு கேட்டார். நான் கட்டிக் குடுத்தன். வெளியிலை போய்க் கடகடக்கிற உழவு மெசினிலை ஏறினவர், திரும்பிப் பாத்துச் சொன்னார்: "உந்த மெசினை வீட்டுப் படலைக்கு வெளியிலை நிப்பாட்டிப்போட்டுத்தான் இப்ப உள்ளுக்கை போறனான் தங்கச்சி. பகலிலை அது நித்திரையெல்லோ."

இவ்வளவு பாடுபட்டதுக்கு எனக்கு மிஞ்சினது விரலிலை ஒரு கடித்தழும்பும், வெறும் கம்பிக்கூட்டைக் கண்டிட்டு "இதுக்கு ஆள் எப்ப வரும் அன்ரி?" எண்டு பள்ளிக்கூடம் விட்ட கையோடை வந்து என்ரை உயிரை எடுக்கிற பத்துப் பிள்ளையளும்தான்.