ஓமந்தூரில் பெய்யாத மழை

நடக்கவே கூடாத ஒன்றைத்தான் ஜெசிந்தா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கோ ஓர் அணு உலையில் விபத்து, கதிரியக்கத் தூசி காற்றில் கிளம்பிவிட்டது, எந்த ஊரில் எவ்வளவு இறங்கும்? விழுப்புரத்து வாடகை அறையில் இதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

வெயிலில் தூசி மெல்லப் படிந்துகொண்டே போய்விடும். மழையோ பெய்த இடத்திலேயே அதை வழித்து இறக்கிவிடும். பழைய கணக்குகள் திண்டிவனம் வட்டாரம் முழுவதற்கும் ஒரே மழையைச் சமமாகப் பூசின. அது தப்பு என்று காட்டத்தான் ஊருக்கு ஊர், அளவைத் தானாகவே அனுப்பும் மழைமானி வைத்தாள். ஓமந்தூரில் ஜெயம் அத்தை வீட்டுக் களத்தில் ஒன்று. அத்தை அதன் பக்கத்தில் கோழியைக்கூட அண்டவிடுவதில்லை.

ஐப்பசியின் முதல் பெருமழை. சுற்றிலும் நல்ல மழை, ஓமந்தூரில் மட்டும் பூஜ்யம். அந்த மழையைக் கணக்கில் ஏற்றியதும் வரைபடத்தில் தூசி அந்த ஊரைத் தாண்டிக் குதித்தது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சக்கரபாணி. திங்கட்கிழமை ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டியது அந்தப் படம்தான்.

சந்தோஷம் தாங்காமல் அத்தைக்குப் போன் போட்டு, உங்க ஊர் தப்பிச்சிட்டுது என்றாள்.

“யாரு சொன்னது? கொட்டு கொட்டுனு கொட்டிச்சி. களத்துல கெடந்த மல்லாட்டை பூரா ஊறிப்போச்சி. இடி கேட்டதுமே ஜல்தியா ஓடி, உன் மெஷினு மேல அன்னக்கூடைய கவுத்துட்டேன். அப்புறந்தான் மல்லாட்டைக்கே வந்தேன்.”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. வேர்க்கடலை எவ்வளவு வீணாச்சு என்று கேட்டாள்.

“அத வுடு. மெஷினு நல்லாகீதா?”

“நல்லாருக்கு அத்தே. ஆனா அது நனையத்தான் வச்சது. இனிமே மூடாத.”



“அப்ப ஏண்டி பத்திரமா பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போன?”

சொன்னது நிஜம்தான். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இதே படம் நிஜமான ஒரு நாளில் வந்தால்? பயமில்லை என்று சொல்லி, அத்தையை அங்கேயே உட்காரவைத்திருக்கும். அந்தப் பூஜ்யத்தை அழித்தாள். பேராசிரியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

அவர் பெருமூச்சு விட்டார். “அப்ப ஓமந்தூருக்கு என்னம்மா எழுதப் போற?”

“மழை பேஞ்சிருக்கு சார். எவ்வளவுன்னு தெரியல.”

“அதையே எழுதும்மா.”