ஹீட்டர் போட்டு ஏறின மலை

புருஷன் தவறின வருஷமே ரோவெனாவுக்கு வாடகையும் ஏறிச்சு. மேசா ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துச் சமையக்கட்டுல வேலை அவளுக்கு. விடியறதுக்கு முன்னாடி போய் நின்னு ஊர்ப்பட்ட புள்ளைங்களுக்கு முட்டையக் கிண்டிப் போடணும். குடியிருந்தது ஒத்த ரூமு. கதவச் சாத்தினா ஜன்னல் தொறந்துக்கும், ஜன்னலச் சாத்தினா அலமாரி தொறந்துக்கும். அதுக்கு வீட்டுக்காரன் வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போனான். சம்பளத்துல முக்காவாசி அவனுக்கு, மிச்சம் மளிகைக்கடைக்கு.

"நான் முட்டை கிண்டறது புள்ளைங்க வயித்துக்கா, இந்தாளு வயித்துக்கா?"ன்னு ஒரு நாள் கேட்டா. கேட்ட கையோட சோபாவ வித்தா, ஃப்ரிட்ஜ வித்தா, கட்டில வித்தா. கம்பளம் கழுவற கம்பெனிக்காரன் ஒருத்தன் தள்ளிவிடப் பாத்துக்கிட்டிருந்த பழைய வேன வாங்கினா. உள்ள சோப்பு வாசனை போகவே இல்ல. நாத்தத்துக்கு அதுவே தேவலைன்னு விட்டுட்டா.

வேன்ல குடித்தனம்னா போட்டோவுல வர்ற மாதிரி பின்கதவத் தொறந்துவச்சுக் கால நீட்டிக்கிட்டுக் காபி குடிக்கறதுன்னு நெனச்சுக்காதீங்க. அவசரம்னா வாளி, வாளிக்குள்ள மரத்தூள். குளிக்கணும்னா துணி தோய்க்கற கடையில காசு போட்டுக் குளிக்கணும், தண்ணி எப்ப நிக்கும்னு தெரியாது, தலையில சோப்போட நிக்கணும். சமையலுக்கு ஒரு இரும்புச் சட்டி, ஒரு குக்கர், ஒத்த அடுப்பு. அதுல பீன்ஸ் வேகும், சோள ரொட்டி வேகும், காபியும் கொதிக்கும், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா. துணி தோய்க்க மட்டும் அவளுக்குக் கவலையே இல்ல. மூடி போட்ட இன்னொரு வாளியில தண்ணியும் சோப்பும் அழுக்குத் துணியும் போட்டுப் பின்னாடி வச்சிட்டுக் கரடுமுரடான ரோட்டுல ஓட்டிட்டு வந்தா போதும். அந்தக் குலுக்கல்ல துணி தானே வெளுத்துடும்.

வெயில் காலத்துல வடக்க மலைக்குப் போயிடுவா. கூடாரம் போட வர்றவங்க எடத்தக் கூட்டிப் பெருக்கிக் காவல் இருந்தா தங்க எடமும் கூலியும் உண்டு. குளிர் காலத்துல குவார்ட்சைட் பாலைவனத்துக்கு எறங்கிடுவா. அங்க குளிர் வந்தாலே இவள மாதிரி வண்டியிலயே குடியிருக்கற வண்டிக்காரங்க கூட்டம் அம்மும். காலையில அங்க ஒரு சாப்பாட்டுக் கடையில தோசைக்கல்லு மாதிரி பெரிய கல்லுல பான்கேக் ஊத்துவா. வர்றதுல பாதி கைய விட்டுப் போகாது. இப்படியே சேத்தா.

எதுக்குச் சேத்தான்னா, ஒரு துண்டு நெலத்துக்கு. யார்னல் மலைக்கு மேல, ஊரத் தாண்டி, ரெண்டு ஏக்கரு. கெணறு இருக்கு, வீடு இல்ல. கல்லும் கருவேல மாதிரி முள்ளுச் செடியும்தான். பக்கத்து வண்டிக்காரரு டெல்பர்ட் அவரு பிக்கப்புல கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. கெணத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. அவ்வளவுதான், மனசுல முடிவாயிடுச்சு.

நெலத்துக்காரன் ஹோபார்ட் ஒரு முசுடு. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள மலைமேல இருக்கற நோட்டரி ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டா உனக்கு. இல்லன்னா சோலார் கம்பெனிக்காரனுக்கு. என்னால எல்லாருக்காகவும் உக்காந்துக்கிட்டு இருக்க முடியாது"ன்னுட்டான்.

சிக்கல் என்னன்னா, மலை. யார்னல் மலை ஏறணும்னா நேரா வானத்துக்கு ஏறற மாதிரி. அவ வேன் மேட்டக் கண்டாலே கொதிக்கும், வடக்க போறப்பக்கூட வழியெல்லாம் நிறுத்தி ஆறவச்சு நாள்கணக்குலதான் ஏத்துவா. டெல்பர்ட்டோட பிக்கப்ப அவரு மகன் வாங்கிட்டுப் போயிட்டான். என்ன பண்றதுன்னு முழிச்சிட்டிருந்தப்பதான், குளிர் முடிஞ்சு வெயில் சுள்ளுன்னு அடிக்க ஆரம்பிச்ச அந்த வாரத்து வியாழக்கெழம சாயங்காலம் அக்கா நடீன் மேசாவுலேர்ந்து புத்தம்புதுக் கார்ல வந்து எறங்கினா.

எறங்கினதுமே மூக்கப் பொத்திக்கிட்டா. "ஏண்டி, இதுலயா தூங்கற?"

"இல்லக்கா, நின்னுக்கிட்டே தூங்கறேன். உக்காரு."

"சர்ச்சுல எல்லாரும் கேக்கறாங்கடி, உன் தங்கச்சி எங்க இருக்கான்னு. நான் என்னன்னு சொல்றது? பாலைவனத்துல வண்டிக்குள்ள பாத்திரம் உருட்டறான்னா?"

"சொல்லேன். வாடகை எவ்வளவுன்னு கேப்பாங்க. அதையும் சேத்துச் சொல்லு."

நடீன் வந்தது பாசத்துல மட்டும் இல்ல. பீன்ஸும் ரொட்டியும் ரெண்டு தட்டு உள்ள போனதும் விஷயம் வெளிய வந்துச்சு. "அந்தக் கல்லுக்காட்டுல போட்டு ஏண்டி காசக் கரைக்கற? எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் கட்டிக்கலாம். உன் காசு, எங்க எடம். நீயும் கூடமாட ஒத்தாசையா இருப்ப."

ஒத்தாசைன்னா என்னன்னு ரோவெனாவுக்குத் தெரியாதா? பேரப்புள்ளைங்களக் கழுவி விடணும், அத்தானுக்குக் கஞ்சி வைக்கணும், ரூமும் அவங்க பேர்ல இருக்கும். ஆனா அக்காகிட்ட ஒரு நல்ல கார் இருக்கு. அதனால வாய அடக்கிக்கிட்டா.

"அக்கா, நாளைக்கு உன் கார்ல என்ன மலைக்குக் கூட்டிட்டுப் போ. நெலத்தப் பாரு. அப்புறம் பேசலாம்."

"பாக்கறேன். பாத்துட்டு அந்தாளு மூஞ்சிக்கு நேராவே வேணாம்னு சொல்றேன்."

"சரி, சொல்லு."

அந்தப் பாலைவனத்துல ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாஞ்சா ஒவ்வொரு வண்டியும் பானட்ட வாயப் பொளந்த மாதிரி தொறந்து வச்சு, உள்ள ஒரு சின்ன லைட்டு எரிய விட்டுடுவாங்க. காட்டு எலி அங்க அப்படி. இருட்டா கதகதப்பா ஒரு எடம் கெடச்சா ஒரே ராத்திரியில கள்ளிமுள்ளக் கொண்டாந்து கூடு கட்டிடும், கையோட ஒயரயும் கடிச்சு வச்சிடும். டெல்பர்ட் வந்து மரியாதையாத்தான் சொன்னாரு.

"மேடம், பானட்டத் தொறந்து வச்சிடுங்க. எலிக்கு ஒயருன்னா உசுரு. புதுக் கார் ஒயருன்னா விருந்து."

நடீன் அவர மேலயும் கீழயும் பாத்தா. அவரு சட்டையில ரெண்டு பொத்தான் இல்ல. "என் காரு ஓடற காருங்க. ரிப்பேருக்கு நிக்கற காரு மாதிரி வாயத் தொறந்து வைக்கறதுக்கு இல்ல."

"அக்கா, அவரு சொல்றதக் கேளு."

"நீ போய்ப் படு."

டெல்பர்ட் தொப்பியத் தொட்டுட்டுப் போயிட்டாரு. நடீன் கார ரெண்டு தரம் பூட்டிப் பாத்துட்டு வேன்ல ரோவெனா படுக்கற எடத்துல நீட்டிப் படுத்துக்கிட்டா. ரோவெனா வெளிய மடக்குக் கட்டில்ல.

காலையில நடீன் சாவியத் திருப்பினா, கார் பேசல. எல்லா லைட்டும் பளபளன்னு எரியுது, இஞ்சின் மட்டும் கம்முனு கெடக்கு. பானட்டத் தூக்கினா உள்ள ஒரு கூடை கள்ளிமுள்ளு, ஒரு ஸ்பூன், யாரோட சாக்ஸோ ஒண்ணு. நடுவுல எலி உக்காந்து இவளையே பாக்குது, வாடகை குடுத்த மாதிரி. நடீன் போட்ட கூச்சல்ல நாலு வண்டிக்காரங்க எட்டிப் பாத்தாங்க.

டெல்பர்ட் காபிக் கோப்பையோட வந்து நின்னாரு. "நல்லா சாப்பிட்டிருக்கு மேடம். மிச்சமே வைக்கல."

"சிரிக்காதீங்க!"

"நான் எங்க சிரிச்சேன்? எலிதான் சிரிக்குது."

ரோவெனாவுக்குச் சிரிப்பு வரல. வெயில் ஏற ஆரம்பிச்சாச்சு. மத்தியானத்துக்குள்ள மலைமேல நிக்கலன்னா இத்தனை வருஷம் வாளியில உக்காந்தது அத்தனையும் அந்த சோலார்காரனுக்கு. ஒரு நிமிஷம் வேனயே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் தண்ணிக் கேன நெரப்ப ஆரம்பிச்சா.

"ஏறுக்கா."

"இதுலயா?"

"இல்ல, எலி ஓட்டும், அதுல வா."

நடீன் ஏறினா. வேற வழி?

சமவெளியில வேன் ஒழுங்காத்தான் ஓடிச்சு. ஹோப், சலோமி, அகிலான்னு ஒவ்வொரு ஊரா பின்னாடி போச்சு. நடீன் வழி நெடுக நொண நொணன்னா. சீட்டு குத்துது, தட்டு உருளுது, பின்னாடி என்ன களக் களக்னு சத்தம்? "உன் ரவிக்கைதான்க்கா. காலையில எலியப் பாத்துக் காபிய மேல கொட்டிக்கிட்டியே, வாளியில போட்டுட்டேன்."

காங்கிரஸ்ங்கற ஊரு தாண்டினதும் மலை எழுந்து நின்னுச்சு. பாதி ஏறல, இஞ்சின் சூடு காட்டற முள்ளு செவப்புக் கோட்டப் பாத்து நகர ஆரம்பிச்சுது.

"நிறுத்துடி! தண்ணி ஊத்தலாம்."

"இந்த மேட்டுல நிறுத்தினா திரும்ப நகராதுக்கா. கண்ணாடிய எறக்கு. ஹீட்டரப் போடறேன்."

"பைத்தியமாடி? இந்த வெயில்ல ஹீட்டரா?"

"இஞ்சின் சூட்ட நம்ம மேல வாங்கிக்கிட்டா அது தாங்கும். அது வேகணுமா, நாம வேகணுமா, சொல்லு."

திருகி விட்டா. அடுப்ப மூஞ்சிக்கு நேரா தொறந்து வச்ச மாதிரி காத்து அடிச்சுது. வேர்வை கண்ணுல எறங்குது. நடீனோட தலைமுடி அலங்காரம், வாராவாரம் கடையில போய்ப் பண்ணிக்கறது, அவிஞ்ச கீரை மாதிரி காதுல தொங்குச்சு. செருப்பக் கழட்டினா, காலுறையக் கழட்டினா, கடைசியில நெக்லஸயும் கழட்டினா, சங்கிலி சுடுதுன்னு. பின்னாடி ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். நடீன் ஜன்னல் வழியா பாதி ஒடம்ப வெளிய விட்டு, "என்னடா அவசரம்? ஏறிக்கிட்டுதானே இருக்கோம்!"னு கத்தினா. சர்ச்சுல முன்னாடி நின்னு பாட்டுப் பாடறவ, அந்தக் குரல்.

ரோவெனா முள்ளயே பாத்துக்கிட்டிருந்தா. அது செவப்போட ஓரத்துல நின்னு நடுங்குது. அங்கயும் போகல, இங்கயும் வரல. பக்கத்துல நடீன் டேஷ்போர்டத் தட்டித் தட்டிக் கத்தறா: "ஏறுடி ராசாத்தி! இன்னும் ஒரு வளைவு! விட்டுடாத! ஏறு!"

"யார்க்கா ராசாத்தி? நானா?"

"உன்ன யார் சொன்னா? வேன!"

கடைசி வளைவத் திரும்பினதும் ரோடு மட்டமாச்சு. முள்ளு மெதுவா எறங்குச்சு. நடீன் டேஷ்போர்டுல கைய வச்சு ஒரு தடவு தடவினா.

நோட்டரி ஆபீஸ் வாசல்ல ஹோபார்ட் பிக்கப்புல ஏறி சாவியப் போட்டாச்சு. ரோவெனா நேரா அவன் வண்டிக்குக் குறுக்க கொண்டுபோய் வேன நிறுத்தினா. எறங்கினப்ப ரெண்டு பேரும் கெணத்துல முங்கி எழுந்த மாதிரி நனைஞ்சிருந்தாங்க.

"வரமாட்டேன்னு நெனச்சேன்"ன்னான் ஹோபார்ட்.

"நெனப்ப."

"இது யாரு?"

"எங்க அக்கா. காரு ரிப்பேரு. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

நடீன் வாயத் தொறந்தா. வேணாம்னு சொல்லத்தான் அவ அங்க வந்தது, ரோவெனாவுக்கும் அது ஞாபகம் இருந்துச்சு. நடீன் வேனப் பாத்தா, தங்கச்சியப் பாத்தா, ஹோபார்ட்டப் பாத்தா. அப்புறம் சொன்னா: "அந்தக் கெணத்துக்கு மோட்டார் இருக்குன்னு சொன்னீங்களாமே. அதையும் சேத்துத்தான் கையெழுத்து. இல்லன்னா நாங்க போறோம்."

மோட்டார் கதைய ரோவெனா கேள்விப்பட்டதே இல்ல. ஹோபார்ட் தலையச் சொறிஞ்சான், ஷெட்டுல ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கங்கன்னான். உள்ள போய்க் கையெழுத்துப் போட்டாங்க. ரோவெனா ஒரே வீச்சுல போட்டா. பான்கேக் திருப்பற கை அது.

அங்கேர்ந்து நெலத்துக்குக் கொஞ்ச தூரம்தான். வேலிப் படலத் தள்ளிட்டு வேன் உள்ள போச்சு. வேன்ல குடியிருக்கறவங்க யாரும் வண்டி மூஞ்சிய உள்ள விட்டு நிறுத்தமாட்டாங்க. எப்பவும் ரோட்டப் பாத்துதான். யாராவது ஜன்னலத் தட்டிக் கெளம்புன்னா உடனே கெளம்பணுமே. ரோவெனா பழக்கதோஷத்துல ரிவர்ஸ் கியரப் போட்டா. அப்புறம் கியர மாத்தி நேரா உள்ள விட்டா, பாறைகளப் பாத்த மாதிரி, ரோட்டுக்கு முதுகக் காட்டி. இஞ்சின அணைச்சா. வேன் ஒரு பெருமூச்சு விட்டுச்சு, ரேடியேட்டர்தான்.

"இங்கதான்க்கா நான் இருக்கப்போறேன். எவனும் தட்டமாட்டான்."

நடீன் எறங்கி வெறுங்காலோட நின்னு சுத்திப் பாத்தா. கல்லுதான், முள்ளுதான். காத்து மட்டும் நல்லா குளுகுளுன்னு வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வாளியிலேர்ந்து ரவிக்கைய எடுத்து ஒதறிப் பாத்தா. கறை போயிருந்துச்சு. முள்ளுச் செடி மேல காயப் போட்டா.

"சரிடி, அதெல்லாம் இருக்கட்டும். பாத்ரூம் எங்க?"

ரோவெனா கைய அகல விரிச்சுக் காட்டினா.

"ரெண்டு ஏக்கரும் உனக்குத்தான்க்கா. எங்க வேணா போ!"