வெங்காயம் மாதிரி நட்ட ரியூலிப்

ஐம்பது ரியூலிப் பூக்கிழங்குகளை வெங்காயம் மாதிரி நட்ட மடையன் நான்தான். பிறர் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது கொஞ்சமாவது மரியாதை.

ஊரில் யுத்தம் முடிவதற்கு முந்தின இலையுதிர்காலம். பிழைக்க வந்த குளிர்நாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். தன் வீடு தனியாகத் தெரியவேண்டும் என்று ஆளாளுக்கு வாசலில் ரியூலிப் நட்டார்கள். என்ன அற்பத்தனம் என்று மனைவியிடம் நக்கலடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய் ஒரு வலைப்பை நிறையக் கிழங்கு வாங்கிவந்தேன்.

மனைவிக்கு அதில் கவனமில்லை. அவளுடைய தங்கை இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் சண்டைக்கு நடுவில் அகப்பட்டிருந்தாள். கிழமைக்கு ஒருமுறை வந்த அவளுடைய ரெலிபோன் மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. மனைவி ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே காய் வெட்டினாள், சாப்பிட்டாள், படுத்தாள்.

நான் பாத்தி கட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தார். மட்டக்களப்பார், தோட்டப் பைத்தியம்.

"தம்பி, ஒரு சாண் ஆழமா வையுங்க. மேல தெரியப்படாது."

"அண்ணை, நான் யாழ்ப்பாணத்தான். வெங்காயம் நட்ட பரம்பரை. எனக்கோ சொல்லித் தாறியள்?"

"வெங்காயம் வேற, இது வேற தம்பி."

"உரிச்சுப் பாருங்கோ, எல்லாம் ஒண்டுதான்."

பரம்பரை உண்மை. ஆனால் என் விவசாய அனுபவம், ஐயா தோட்டத்தில் நிற்க அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனதோடு சரி. அந்தத் துணிச்சலில், கழுத்து வெளியே தெரிய, வரிசை பிசகாமல் நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் வேறு.

மூன்றாம் நாள் விடிய ஐம்பது குழிதான் மிச்சம். கறுத்த அணில்களுக்கு விருந்து. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால் யார் விடுவான்? அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். முதுகு குலுங்கியது.

தை மாதத்தோடு தங்கையின் ரெலிபோன் ஒரேயடியாக நின்றது. மனைவி வேலை முடிந்து நேரே நகரத்துக்குப் போய், குளிரில், சண்டையை நிறுத்தச் சொல்லும் பதாகையோடு தெருவில் நின்றாள். நானும் போனேன். கால் விறைக்குது என்று முதல் ஆளாக வீடு திரும்பியவனும் நான்தான்.

மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். தங்கை இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை. அந்தக் கிழமை என் பாத்தியில் புல் முளைத்தது. அண்ணையின் முற்றத்தில், அவர் நடாத இடத்தில், ஏழு சிவப்பு ரியூலிப் எழும்பி நின்றன. அணில்கள் புதைத்துவிட்டு மறந்தவை. எவ்வளவு ஆழம் என்று அணிலுக்குத் தெரிந்திருக்கிறது, பரம்பரைக்குத் தெரியவில்லை.

பூவும் ஒரு பூவா? மணமில்லை, மாலை கட்டவும் உதவாது. பத்து நாளில் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். அதற்குப் போய் உரிமை கொண்டாடினேன்.

"அண்ணை, உது என்ரை பூ."

"பிடுங்கிட்டுப் போங்க தம்பி. வெங்காயம்தானே?"

வேலியைத் தாண்டக் கால் தூக்குகையில் வீட்டுக்குள் மனைவி கத்தினாள். ஓடினேன். ரெலிபோனில் தங்கை! முகாமிலிருந்து, யாரோ இரவல் கொடுத்த போனில். பிள்ளைகள் இரண்டும் உயிரோடு. "அழாதை, அழாதை" என்று சொல்லிச் சொல்லி மனைவிதான் அழுதாள். பிறகு பேச முடியாமல் ரெலிபோனை என் கையில் திணித்தாள். "கதையுங்கோ!"

செத்த வீட்டிலும் பகிடி விடுகிற வாய் இது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று எந்த முகத்தோடு கேட்பது? ஜன்னலுக்கு வெளியே அந்தச் சிவப்புத் தெரிந்தது.

"மச்சாள், நான் நட்ட ரியூலிப் கிழங்கு பக்கத்து வீட்டிலை பூத்திட்டுது," என்றேன்.

இரைச்சலுக்கு மேலால் அவள் கேட்டாள்.

"உந்தக் கிழங்கைத் தின்னலாமோ, அத்தான்?"