மருமகனுக்கு மூடிக் கொடுத்த தட்டு

கிண்ணியாவில் ரபீக்காவின் வீட்டில் மருமகனுக்குச் சோறு மூடித்தான் போகும். பீங்கான் தட்டில் சோறு, அதன்மேல் ஆணம் என்கிற குழம்பு, ஓரத்தில் மீனின் நடுத்துண்டு, எல்லாவற்றையும் மறைத்து ஒரு வெள்ளைத் துணி. ரபீக்கா போட்டுக் கொடுப்பாள். மகள் ஷிஃபானா கொண்டுபோய் முன்னறையில் வைப்பாள். மாமி மருமகனின் முன்னுக்கு நின்று கதைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஏதும் சொல்ல வேண்டுமானால் சமையல் நடக்கும் குசினியின் திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோலச் சொல்வாள். மருமகன் அர்ஷாக்கும் மகளைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

புது மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் ஆக்கிப் போடுவது வழக்கம். புதுமை தீர்ந்து, பேத்தி ஸஹ்ரா பிறந்து, நடந்து, இப்போது வாயும் காட்டுகிறாள். தட்டு மட்டும் நிற்கவில்லை. இந்த வழக்கத்துக்குத் தொடக்கம் சொல்லி வைத்தவர்கள் முடிவு சொல்லி வைக்கவில்லை.

வீடும் அப்படித்தான் போனது. மகளைக் கட்டிக் கொடுத்தபோது ரபீக்கா கல்வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் தகரம் இறக்கிய சாய்ப்பில் கணவன் ஸெய்னுதீனோடு ஒதுங்கினாள். ஸெய்னுதீன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஆள். முதுகு வளைந்த பிறகும் போய்க்கொண்டிருந்தார்.

அர்ஷாக் திருகோணமலை டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்தான். சம்பளம் எடுத்ததும் ஒரு மூட்டை அரிசி, பால்மா, தேயிலை, உப்பு எல்லாம் வாங்கிப் போடுவான். கரண்ட் பில்லைக் கட்டுவான். மிச்சம் மோட்டார் சைக்கிளுக்கும் பெற்றோலுக்கும் போய்விடும். மாதம் பாதி தாண்டுமுன் மூட்டை மடிந்து படுத்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் வேகும் அரிசி ஸெய்னுதீனின் கூலி. மீன், தேங்காய், ஸஹ்ராவின் பிஸ்கட் எல்லாம் ரபீக்கா விடிகாலைச் சுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பிப் பிழிந்து தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கும் இடியப்பத்திலிருந்து வருவது. இதை அர்ஷாக்கிடம் எவரும் சொன்னதில்லை. மருமகனிடம் அரிசி முடிந்துவிட்டதென்று சொல்வது பெண் வீட்டாருக்கு வெட்கக்கேடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. இங்கே சோற்றையே துணியால் மறைத்தார்கள். அதனால் அவன் தன் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறதென்று மனதார நம்பினான். பொய்யனாக இருந்திருந்தால்கூட ரபீக்காவுக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

ஷிஃபானா மருந்தாளர் படிப்பு முடித்தவள். பக்கத்து மருந்துக்கடையில் ஓர் இடம் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன் முடிவு சொல்லச் சொன்னார்கள். அவள் புருஷனிடம் கேட்டபோது ரபீக்கா திரைக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பொண்டாட்டிட சம்பளத்துல திங்கிறவன ஊர்ல என்னண்டு கதைப்பானுகள் தெரியுமா?" என்றான் அர்ஷாக். "நான் ஒருத்தன் உழைக்கிறது காணும். எண்டைக்காவது பட்டினி கிடந்தியா, சொல்லு பாப்பம்?"

"இல்ல."

"பிறகென்ன?"

"உம்மாவும் விடிய எழும்பி இடியப்பம் புழியிறா தானே..."

"அது மாமிக்கு ஒரு பொழுதுபோக்கு. சும்மா இருக்க ஏலாதவ."

திருவலை நின்றது. பிறகு முன்னிலும் வேகமாக ஓடியது.

அன்றிரவு ஸெய்னுதீனின் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ரபீக்கா நடந்ததைச் சொன்னாள்.

"உடுங்க புள்ள. மருமகன்ட மனசு நோகப்படாது."

"உங்கட முதுகு நோகலாம், என்ட கை நோகலாம். அவர்ட மனசு மட்டும் நோகப்படாது, என்ன?"

"நானும் அந்தக் காலத்துல உங்கட உம்மாட சோத்தத்தானே திண்டன்."

"ஓம். முள்ளையும் மிச்சம் வெக்காமத் திண்டீங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆண் உழைத்து ஒரு குடும்பம் வாழ்ந்ததென்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது வாழ்ந்தது? அவளுடைய உம்மா ஆடு வளர்த்தாள், பாய் இழைத்தாள். அந்த உழைப்பை உழைப்பென்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அன்று தேங்காய் வீட்டு வளவில் விழுந்தது. கரைவலை இழுக்கக் கை கொடுத்தால் கறிக்கு மீன் கிடைத்தது. அந்தக் காலத்துப் பொய்க்குச் செலவு குறைவு. இன்று கறிவேப்பிலையும் காசு. பொய் மட்டும் பழைய பொய்யாகவே இருக்கிறது.

புதன்கிழமை அர்ஷாக்கின் உம்மா ஜெஸ்மின் வந்தாள். ரபீக்கா வட்டிலப்பம் வைத்தாள். ஜெஸ்மின் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்ட மகன் ஒத்தச் சம்பளத்துல ஊட்ட ராசா மாதிரிக் கொண்டுபோறான், மாஷா அல்லாஹ். மத்தவனுகள் பொண்டாட்டிமார வேலைக்கு அனுப்பிட்டுச் சந்தியில நிக்கிறானுகள்."

"ராசாவுக்கு என்ன குறை?" என்றாள் ரபீக்கா. "குசினிக்குள்ள ஆக்கள் இரிக்கிதானே."

ஜெஸ்மினுக்கு அது காதில் விழவில்லை. போகும்போது, "இடியப்பம் கொஞ்சம் கட்டித் தாங்களன் மச்சி. உங்கட கைக்கு நல்லாத்தானே வருது," என்றாள்.

ரபீக்கா கட்டிக் கொடுத்தாள். பொதியைச் சுற்றும்போது கையிலிருந்து ஏதோ அழுகிய நாற்றம் வருவதுபோல இருந்தது. இடியப்பம் அன்று காலையில் பிழிந்ததுதான்.

வியாழக்கிழமை இரவு அர்ஷாக் கடையிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்தான். குசினியில் ரபீக்கா தட்டை எடுத்து வைத்து, அவன் வாங்கிப் போட்டதில் என்ன மிச்சமென்று தேடினாள். அரிசி மூட்டையை என்றோ மடித்து வைத்தாயிற்று. பால்மா பேணி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. உப்பு இருந்தது. ஒரு பிடி தேயிலையும் இருந்தது. இரண்டையும் தட்டில் கொட்டி, வழக்கமான வெள்ளைத் துணியால் மூடினாள்.

"உம்மா, வேணாம்," என்று ஷிஃபானா கையைப் பிடித்தாள்.

"நீ கொண்டுபோக வேணாம். நான் போறன்."

திரையை விலக்கிக்கொண்டு அவளே முன்னறைக்கு வந்தாள். அர்ஷாக் திடுக்கிட்டு எழும்பினான். அவள் தட்டை வைத்துத் துணியை எடுத்தாள்.

"என்ன மாமி இது?" வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் நேராகக் கேட்டான்.

"உங்கட சம்பளம், மகன். மிச்சம் இரிக்கிறது இவ்வளவுதான். அரிசி முடிஞ்சி கனநாள். நேத்து நீங்க திண்ட சோறு மாமாட முதுகு. மீன் என்ட பொழுதுபோக்கு."

"முந்தியே சொல்லியிரிக்கலாமே."

"ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினான். மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போனது. ஷிஃபானா அழுதாள். உம்மா தன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாளென்றும் சொன்னாள். ரபீக்கா மறுக்கவில்லை. அப்படியும் ஆகலாம்.

அவன் திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் கொத்து ரொட்டி வாசம். தனக்கு மட்டும் தின்றுவிட்டு வந்திருந்தான். இரண்டு பேர் உழைப்பைத் தின்ற வாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வாய் கட்டிக்கொண்டு வரத் தோன்றவில்லை.

"சரி. வேலைக்குப் போ," என்றான் ஷிஃபானாவிடம். "ஆனா நானாத்தான் அனுப்பினன் எண்டு இரிக்கட்டும். மாமிட கதை வெளியில போகப்படாது."

போகவில்லை. ஷிஃபானா வேலைக்குப் போகத் தொடங்கினாள். சில கிழமைகள் கழித்து, இடியப்பம் எடுக்கும் தேநீர்க் கடைக்கார நிப்றாஸ், அக்காமாரைத் தாத்தா என்கிற ஊர் வழக்கத்தில் ரபீக்காவிடம் சொன்னான்:

"உங்கட மருமகன் நல்ல மனிசன், தாத்தா. பொம்புளயளும் முன்னேறணும் எண்டு அவர்தானாமே மகள அனுப்பினது. இந்தக் காலத்துல ஒத்தச் சம்பளத்துல சீவிக்க ஏலாதெண்டு நேத்து எங்களுக்கெல்லாம் விளங்கப்படுத்தினார்."

"நல்லா விளங்கிச்சா?"

"ஓம் தாத்தா. படிச்ச மனிசன் கதைக்கிற மாதிரிக் கதைச்சார்."

ரபீக்கா கடைக்கு வெளியே வந்து காறித் துப்பினாள்.

அந்த வெள்ளைத் துணி இப்போது இடியப்பக் கூடையை மூடுகிறது. இரவில் சோற்றுப் பானையும் ஆணச் சட்டியும் நடுவில் திறந்தபடி இருக்கும். வீட்டார் எல்லோரும் சுற்றி இருந்து தின்கிறார்கள். முதல் நாள் அர்ஷாக்கும் வந்து உட்கார்ந்தான். முகத்தில் கூச்சமில்லை. கை மட்டும் பழைய பழக்கத்தில் நேரே மீனின் நடுத்துண்டுக்குப் போனது.

ரபீக்கா சட்டியை இழுத்து மகளின் பக்கம் வைத்தாள்.

"உழைச்சிட்டு வந்த புள்ள முதல்ல எடுக்கட்டும்."

"நானும் உழைச்சிட்டுத்தானே மாமி வந்தன்."

"ஓம். நாங்க எல்லாரும்தான்," என்று வாலை எடுத்து அவன் தட்டில் போட்டாள்.