வலது கைக்கு லீவு

அந்த ரேஞ்சர் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலையில் ஒரு காட்டிலாகா ஆபீஸில் நான் குமாஸ்தா. நாற்காலி ரேஞ்சருக்கு மட்டும். நான் தரையில் சம்மணம் போட்டு, முழங்கால் உயரச் சாய்வு மேசையில் குனிந்து நாளெல்லாம் நகல் எழுதுவேன். ஒரு தாளுக்கு மூன்று நகல். இரண்டு மழைக்காலம் போவதற்குள் கட்டை விரலில் தொடங்கிய நோவு முழங்கை வரை ஏறிவிட்டது. கழுத்தும் பிடித்துக்கொண்டது.

கடுக்காய் பொறுக்க அனுமதிச் சீட்டு வாங்க வந்த அதே மலையின் வாழவந்தி நாட்டுக் குடியானவர் ஒருவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். "ஏனுங்க சாமி, கூப்பிட்டா கழுத்தத் திருப்பாம ஒடம்பையே திருப்பறீங்க! மொளகு மூட்டை சொமந்து மலையெறங்கற எங்களுக்கே இப்பிடி இல்லீங்களே."

பத்து நாள் லீவு கேட்டு ரேஞ்சரிடம் மனுவை நீட்டினேன். சிரித்தார். "ஏப்பா, பேனா பிடிக்கற கையி நோவுதுங்கறியா? பலாக்கொம்பா வெட்டறே?" அதோடு விட்டாரா? மனுவின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'எழுத்து வேலையால் உடம்பு நோகாது. லீவு கிடையாது.' அன்று என்னால் சோற்றைப் பிசைய முடியவில்லை. மனைவி ஊட்டிவிட்டாள். வெட்கத்தில் அழுதேன்.

மறு வருஷம் அவர் முறை வந்தது. காட்டைப் பற்றிய ரகசிய அறிக்கையை ரேஞ்சரே கைப்பட எழுத வேண்டும் என்று அடிவாரத்துப் பெரிய ஆபீஸ் உத்தரவிட்டது. இரண்டு மாதம் எழுதினார். மணிக்கட்டு வீங்கியது. நொச்சி ஒத்தடத்தோடு அவர் முனகுவதை நான் ரசித்துக் கேட்டேன். கடைசியில் ஒரு மாத லீவுக்கு மனு எழுதி, மேலே அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தார்.

ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மனு மேலே போனாலும், அதே விஷயத்தில் முன்பு போட்ட உத்தரவைத் தேடியெடுத்து அடியில் கோத்து அனுப்ப வேண்டும். அது குமாஸ்தாவின் கடமை. நான் கடமை தவறாதவன். சிவப்பு மைத் தாளைக் கோத்து அனுப்பினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது: 'ரேஞ்சரின் முந்தைய கருத்தே சரி. லீவு இல்லை.'

"ஏப்பா, இப்பிடிப் பண்ணிப்போட்டியே!" என்றார், முகம் சுண்டிப்போய்.

"வழக்கந்தானுங்க" என்றேன். அவ்வளவு ருசியான சொல்லை என் வாய் அதற்கு முன் பேசியதில்லை.

அவர் அந்தப் பதிலின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 'இது எழுத்து வேலை செய்யும் எல்லோருக்கும் பொருந்தும். மலைமேல் உள்ள எல்லாக் கிளை ஆபீஸ்களுக்கும் நகல் அனுப்புக.' வெள்ளைத் தாள்களை என் பக்கம் தள்ளினார். எனக்கு இனி எந்தக் காலத்திலும் லீவு இல்லை என்பதை நானே அழகான கையெழுத்தில் எழுதினேன். நாலாவது நகலில் பேனா நழுவி விழுந்தது. அந்தக் கை பிறகு தேறவே இல்லை.

போகட்டும். அந்தச் சிவப்பு மைத் தாளை இன்றைக்குக் கொடுத்தாலும் கோத்துத்தான் அனுப்புவேன். இடது கையால் கோப்பேன்.